எங்கள் வீட்டு ட்ரவ்கொட்

என் மகன் பல் டாக்டர். டுசல்டோர்ஃபில் ஓய்வுபெறப் போகும் ஒரு டாக்டரிடமிருந்து கிளினிக்கைப் பொறுப்பெடுக்கிறான். நாற்காலி, மெஷின், வேலைக்கு நிற்கும் பெண்கள் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. மிச்சம் இருந்தது வாசலில் பெயர் பொறித்து மாட்ட வேண்டிய பித்தளைப் பலகை ஒன்றுதான். அந்தப் பலகை எங்கள் வீட்டுச் சமாதானத்தைக் குழப்பிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புட்டைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அம்மா, நான் பேரை மாத்தப்போறன். பதிவுக் கந்தோரில நாள் குறிச்சு டெர்மினும் எடுத்திட்டன்."

அவனுடைய பெயர் ட்ரவ்கொட். நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள். யாழ்ப்பாணத்துத் தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்து, நெற்றியில் திருநீறு பூசி வளர்ந்த பிள்ளைக்கு ட்ரவ்கொட் என்று பெயர். ஜேர்மன்காரர்களிலேயே இந்தப் பெயரோடு உயிருடன் இருப்பவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். 'ட்ரவ்' என்றால் நம்பு. 'கொட்' என்றால் கடவுள். கடவுளை நம்பு, அவ்வளவுதான் பெயர்.

"பல்லுப் புடுங்க வாற சனம் வாசல்லயே 'கடவுளை நம்பு' எண்டு கிடக்கிறதைப் பாத்தா உள்ளுக்கு வருமோ அம்மா?" என்று கேட்டான்.

அவனுடைய அப்பா புரைக்கேறச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லக் கூடாது. அடுத்த நொடியே பற்றிக்கொண்டு வந்தது.

"அது ஆரின்ரை பேர் எண்டு தெரிஞ்சுகொண்டும் கதைக்கிறியோ?" என்று கத்தினேன்.

"தெரியும். எத்தினைதரம் சொல்லியிருப்பியள். அவர் நல்ல மனிசன், ஆர் இல்லையெண்டது? ஆனா நான் அவரில்லையே அம்மா."

அவன் பட்டதும் எனக்குத் தெரியாமலில்லை. முதல் வகுப்பில் டீச்சர் பெயரை வாசித்துவிட்டு, இந்தக் கறுத்தப் பொடியனைத் தாண்டி அங்குமிங்கும் தேடினாவாம். கூடப் படித்த பிள்ளைகள் அவனை 'தாத்தா' என்று கூப்பிட்டார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார், "இதென்ன கண்டறியாத பேர்?" என்று என்னையே கேட்டார். வேலைக்கு நேர்முகம் போன இடத்தில், "நாங்கள் பாதிரியார் மாதிரி ஒருவரை எதிர்பார்த்தோம்" என்றார்களாம். பன்னிரண்டு வயதில் தானே தனக்கு 'டினோ' என்று வைத்துக்கொண்டு, உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காமல் விட்டான். அன்றிலிருந்து நானும் அவனை வெறுமனே 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறேன்.

எனக்கு என்றால் அந்தப் பெயரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் சோறு தண்ணி வேண்டாம். கிட்டத்தட்ட முந்நூறு வருடத்துப் பெயர் அது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தில் பக்தியில் ஊறிய புரட்டஸ்தாந்துச் சனம் இருந்தது. லத்தீனும் கிரேக்கமும் எதற்கு, நாங்கள் அடுப்படியில் பேசுகிற சொல்லிலேயே பிள்ளைக்குப் பெயர் வைப்போம், கூப்பிடும்போதே ஒரு புத்தியும் போய்ச் சேரட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். 'கடவுளுக்கு அஞ்சு' என்று ஒரு பெயர் வைத்தார்கள். 'ஒழுங்காய் வாழ்' என்று ஒரு பெயர் வைத்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, என்ன துணிச்சலான சனம்! எங்களிடமும் சிவநேசன், தேவசகாயம் என்று பக்திப் பெயர்கள் உண்டு. அவை பிள்ளை இன்னார் என்று சொல்கிற பெயர்கள். இது அப்படியில்லை, ஒரு வேலையைச் சொல்லி அனுப்புகிறது. அதுவும் எவ்வளவு கஷ்டமான வேலை!

சாக்சனிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலம் விவசாயி, தச்சன், போதகர் என்று எல்லா வீட்டிலும் ஒரு ட்ரவ்கொட் இருந்திருக்கிறான். பிறகு மவுசு போய், நாடகத்தில் பகிடிக்காரனுக்கு வைக்கிற பெயராகிவிட்டது. இப்போது ஜேர்மன் இளம் தாய்மார் பழைய பெயர்களைத் தூசு தட்டி எடுக்கிறார்கள். எமில், அன்டோன், கார்ல் எல்லாம் விளையாட்டுத் திடலில் மணல் அள்ளிக்கொண்டு திரிகின்றன. இதை மட்டும் எவரும் திரும்பத் தொடவில்லை. நான் கனகாலமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஹைன்ஸ்களையும் ஹோர்ஸ்ட்களையும் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டிவிட்டேன். ஒரு ட்ரவ்கொட்டும் அங்கே வரவில்லை.

எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

இரண்டு ஜேர்மனிகளும் ஒன்றான புதிதில் எங்களை லைப்சிக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அகதிகள் விடுதிக்கு அனுப்பினார்கள். நான் வயிற்றில் பிள்ளையோடு போனேன். விடுதியில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள்தான். பின்னேரமானால் அந்த ஊர்ப் பொடியங்கள் சிலர் மொட்டைத்தலையோடு கேற்றடிக்கு வந்து கத்துவார்கள், போத்தல் எறிவார்கள். நான் யன்னல் பக்கமே போகமாட்டேன். ஊரில் செல் குண்டடிக்குப் பயந்து ஓடிவந்த எங்களுக்கு இங்கே பியர் போத்தலுக்குப் பயம்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர், ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற தனிக்கட்டை மனிதர், மடக்குக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் கேற்றுக்கு முன்னால் விரித்து உட்கார்ந்தார். மடியில் பேப்பர், காலடியில் கோப்பிப் போத்தல். பொடியங்கள் வந்தார்கள். அவர்களை எல்லாம் கைக்குழந்தையாகக் கண்ட மனிதர் அவர். ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உன்ரை அம்மாவுக்கு இப்ப கால் எப்பிடி?" என்று விசாரித்தார். அம்மாவின் காலைப் பற்றிக் கேட்கிறவருக்கு முன்னால் எப்படிப் போத்தல் எறிவது? நின்று விறைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் அடுத்த நாளும் வந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க வந்தார்.

"ஏன் இங்க வந்து இருக்கிறியள்?" என்று என் கணவர் தெரிந்த நாலு ஜேர்மன் சொல்லை வைத்துக் கேட்டார்.

"இந்தப் பக்கம்தான் வெயில் நல்லா விழுகுது" என்றார் அவர்.

அது மார்கழி மாதம். வெயிலாவது ஒன்றாவது!

அவர் பேசியது ஜேர்மன்தான். ஆனால் அவர் சொன்னது எதை நினைத்தாலும் எனக்கு எங்கட தமிழிலேயே நினைவு வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

பிள்ளை பூர நட்சத்திரத்தில் பிறந்தான். பாரிஸில் இருந்த என் கணவரின் அண்ணை சாத்திரியாரைக் கேட்டுத் தொலைபேசியில் சொன்னார்: பெயர் மோ, ட, டி, டு என்ற எழுத்துகளில் ஒன்றில் தொடங்க வேண்டும். எவரும் மோவைத்தான் எடுப்பார்கள். மோவில் தொடங்கும் பெயர் என் கூடப்பிறந்த தம்பியுடையது. அவனைப் போர் கொண்டுபோய் ஒரு வருடமும் ஆகவில்லை. அந்த எழுத்தை வாயில் எடுக்க எனக்கு ஏலாது என்று சொல்லிவிட்டேன். மிச்சம் ட, டி, டு.

"தமிழில 'ட'வில என்னப்பா இருக்கு? டமாரம் எண்டு வைப்பமோ?" என்றார் என் கணவர். பிள்ளை பெற்ற உடம்போடு சிரிக்க ஏலாமல் சிரித்தேன்.

அந்த நேரம்தான் ஆஸ்பத்திரி அறைக் கதவைத் தட்டிவிட்டு, பூங்கொத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். என் கணவர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. ட்ரவ்கொட்! சாத்திரம் சொன்ன எழுத்தும் அவரே, எங்கள் நன்றியும் அவரே. கடவுளே கொண்டுவந்து கையில் தந்தது மாதிரி இருந்தது எனக்கு.

விஷயத்தைச் சொன்னதும் மனிதர் பதறிப்போனார். "வேண்டாம், வேண்டாம். பாவம் பிள்ளை. தோமஸ் எண்டு வையுங்கோ, மிஹாயேல் எண்டு வையுங்கோ" என்றார்.

நாங்கள் இன்னும் ஒரு தரம் கேட்டோம். "தயவுசெய்து வேண்டாம்" என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம் என்றா அர்த்தம்? தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டால் வேண்டாம் என்போம். மறுபடி கேட்டால், ஏன் உங்களுக்குக் கரைச்சல் என்போம். மூன்றாம் தரம் கேட்காமலே தேத்தண்ணி வந்துவிடும், குடிப்போம். முதல் தரமே ஓம் என்கிறவனை அவன் போன பிறகு காணாததைக் கண்டவன் என்று பகிடி பண்ணுவோம். அந்தப் பழக்கத்தில் ஊறிய நாங்கள் அவர் முகத்தைப் பார்த்து உருகிப்போனோம்.

"எவ்வளவு அடக்கமான மனிசன் பாத்தீரோ" என்றார் என் கணவர். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரித் தாதி பெயரை எழுதுவதற்கு முன் எங்களை இரண்டு மூன்று தரம் பார்த்தார். நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தோம்.

மகன் பள்ளிக்கூடம் போகிற வயதில் நாங்கள் சொந்தக்காரரைத் தேடி டுசல்டோர்ஃபுக்கு வந்துவிட்டோம். நத்தார் பண்டிகைக்கும் அவருடைய பிறந்தநாளுக்கும் நான் தொலைபேசி எடுப்பேன். பிறகு அவருக்கும் ஏலாமல் போய், லைப்சிக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தார்.

சண்டைக் கதைக்குத் திரும்பி வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கி நானும் மகனும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கு வந்தது கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோபமில்லை, பயம். அந்த மனிதருக்கு நாங்கள் திருப்பிக் கொடுத்தது என்று இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் அவருக்கு என்ன மிச்சம், எனக்கு என்ன மிச்சம்? கடைசியில் நானே தொலைபேசி எடுத்தேன்.

"சரி, மாத்து. இந்த நாட்டுச் சட்டம் உன்னட்டைக் காரணம் கேக்கும். எனக்கு ஒரு காரணமும் வேண்டாம். ஆனா டெர்மினுக்கு முதல் என்னோட லைப்சிக் வந்து அந்த மனிசன்ரை முகத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டு மாத்து."

"வாறன்" என்றான். அவன் கோழை இல்லை.

வைகாசி மாதம் போனோம். இல்லத்துத் தோட்டத்தில், சக்கர நாற்காலியில், காலுக்குப் போர்வையோடு இருந்தார். தொண்ணூறைத் தாண்டிய முகம். என்னைக் கண்டதும், "வடை?" என்று கேட்டார். கொண்டுபோயிருந்தேன், கொண்டுபோகாமல் விடுவேனா? மகன் பல் டாக்டர் என்று சொன்னதும் மேல்பல் செட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்து, "இது கடிக்குது, பாருங்கோ" என்றார். மகனும் அதைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, இங்கே கொஞ்சம் உராய வேண்டும் என்று வைத்தியம் சொன்னான்.

பிறகு அவன் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. தான் பெயரை மாற்றப் போவதாகவும், அவர்மேல் மரியாதைக் குறைவு இல்லை என்றும், நேரில் சொல்ல வந்ததாகவும் சொன்னான். நான் அவர் முகத்தைப் பார்க்க ஏலாமல் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிழவர் வெடித்துச் சிரித்தார்!

"நான் அண்டைக்கே சொன்னனான் எல்லோ! வேண்டாம், வேண்டாம் எண்டு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னன். இவை ரெண்டு பேரும் அழுதுகொண்டு நிண்டினம்."

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. உண்மையிலேயே வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார் மனிதர்.

"எனக்கும் இந்தப் பேர் பிடிச்சதில்லை" என்றார் அவனிடம். "பள்ளிக்கூடத்தில பகிடி பண்ணினாங்கள். பிறகு இந்தப் பக்கத்தைக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் ஆண்ட காலத்தில, ரயில்வேயில எனக்கு மேல இருந்தவன் சொன்னான், கடவுளை விட்டிட்டு வேற பேர் ஒண்டை வச்சுக்கொள், உனக்கு உத்தியோகம் உயரும் எண்டு."

"ஏன் மாத்தேல்லை?" என்று கேட்டான் மகன்.

"துணிவு எண்டு நினைக்காதையும். அம்மா வச்சது. அவவும் போயிட்டா. மாத்திப்போட்டு ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? அப்பிடியே கிடந்துபோச்சு. நீர் மாத்தும் தம்பி. எனக்கு ஒரு கவலையும் இல்லை."

மகன் முகத்தில் பாரம் இறங்கியது தெரிந்தது. அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினான். கோப்பி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கட்டடத்துக்குள் போனான். முடிந்தது கதை என்று நான் மர வாங்கில் உட்கார்ந்தேன். அழுகை வரும்போல் இருந்தது.

கிழவர் அவன் போகும்வரை பார்த்திருந்தார். பிறகு என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"அவனுக்குச் சொல்லாதேங்கோ. உங்களுக்குச் சொல்லுறன். உங்கட விடுதி முத்தத்தில எத்தினை பிள்ளையள் விளையாடுங்கள். தம்பி எண்டு கூப்பிட்டா எல்லாப் பொடியங்களும் திரும்புவாங்கள் எண்டு நீங்கள் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவியள். எவ்வளவு சத்தமா! அம்மா செத்த பிறகு அந்தப் பேரை ஒருத்தரும் சத்தமாக் கூப்பிட்டதில்லை. வேலையிடத்தில கூப்பிட்டாங்கள், அது வேற. வீட்டை வா எண்டு கூப்பிடுறது வேற. நான் யன்னலைத் திறந்துபோட்டு இருந்து கேப்பன். பனி கொட்டேக்கையும் திறப்பன். அப்பதான் எனக்கு என்ரை பேரில ஆசை வந்தது."

அந்தக் காலத்தில் வேலையில்லாத எரிச்சல், குளிர், ஊர் நினைவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த முற்றத்தைப் பார்த்துக் கத்தியிருப்பேன். அதை ஒரு மனிதர் கதகதப்புக்கு எடுத்து வைத்திருக்கிறார்!

"ஒருக்கால் அப்பிடிக் கூப்பிடுவியளோ?" என்று கேட்டார்.

சுற்றிவர நாற்காலிகளில் கிழடுகட்டைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. தாதி ஒருத்தி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. எழும்பி நின்றேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினேன்.

"ட்ரவ்கொட்! டேய் ட்ரவ்கொட்! சோறு ஆறுது, ஓடி வாடா!"

தோட்டம் முழுக்கத் திரும்பியது. தாதி வண்டியை விட்டுவிட்டாள்.

"வாறன் அம்மா!"

கட்டடத்துக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, மூன்று கோப்பிக் கோப்பைகளோடு, முப்பது வயது கடந்த பல் டாக்டர் புல்லுக்கு மேலால் ஓடி வந்தான். பாதிக் கோப்பி சட்டையில். "என்ன? அவருக்கு என்ன நடந்தது?" என்று மூச்சு வாங்கக் கேட்டான்.

அவருக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மறைக்க ஏலாமல் அவரே எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னார். மகன் கோப்பைகளைப் புல்லில் வைத்துவிட்டு அவருடைய காலடியில் சப்பாணி கட்டி இருந்தான்.

"அப்ப பேர் இருக்கட்டும்" என்றான்.

"எனக்காக வேண்டாம்" என்று கிழவர் கையை ஆட்டினார்.

"உங்களுக்காக இல்லை. அம்மா கத்தினவுடன என்ரை கால் தானா ஓடுது. டினோ எண்டு கூப்பிட்டா நான் யோசிச்சுத்தான் திரும்பிறனான். இது என்ரை பேர்தான் போல."

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். கிழவர் அவன் தலையில் கையை வைத்தார். பிறகு சின்னப் பிள்ளை இன்னும் ஒரு டொபி கேட்கிற மாதிரி, "இன்னொருக்கால்?" என்றார் என்னைப் பார்த்து.

இந்த முறை எனக்கு வெட்கம் இல்லை. நெஞ்சு நிறைய மூச்சை எடுத்துக் கத்தினேன்.

"ட்ரவ்கொட்! சாப்பிட வா!"

மகன் எழும்பவில்லை. கிழவரின் முழங்காலில் மெல்லத் தட்டினான்.

"உங்களைத்தான் கூப்பிடுறா" என்றான்.

கிழவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கூப்பிடக் கூப்பிட மகன் முற்றத்திலிருந்து சொன்ன பதிலை எத்தனையோ குளிர்காலம் யன்னலடியில் இருந்து கேட்டுப் பாடமாக்கியிருக்கிறார். ஒரு எழுத்துப் பிசகாமல், எங்கட தமிழிலேயே சொன்னார்:

"வாறன் அம்மா."